நாற்பதில் வந்த மொரிஸ் மைனர்: ஒரு பழைய பிக்கப்பின் மோதலும் அதன் பின்னான திருத்தமும்

விடியப்புறம் மருதனார்மடம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிப் போன மொரிஸ் மைனர் பிக்கப் ஒன்று, வீதியோரம் வெளிச்சமில்லாமல் நின்ற உழவு இயந்திரப் பெட்டியின் பின்புறத்தில் மோதியது. ஓட்டியவருக்கு விலா எலும்பு இரண்டு வெடிப்பு. பக்கத்தில் இருந்த பெடியனுக்கு நெற்றியில் தையல். மூன்றாம் நாள், கொண்டாவிலில் நான் சனி ஞாயிறுகளில் நிற்கும் கராச்சுக்கு வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். கூடவே ஓட்டோவில் வந்த உரிமையாளர் அண்ணை (அன்று ஓட்டியவரும் அவர்தான்), நெஞ்சை ஒரு கையால் பிடித்தபடி முதல் கேட்டது இதுதான்:

"தம்பி, முன்னுக்கு நல்ல மொத்தப் பைப்பிலை ஒரு பார் அடிச்சுத் தரவேணும். பொனற் உயரத்துக்கு வரட்டும். இனி எதிலை இடிச்சாலும் வண்டிக்கு ஒண்டும் ஆகக்கூடாது."

அந்தப் பாரை நாங்கள் அடிக்கவில்லை. அதனால் அவருக்கு என்னில் இன்றைக்கும் சின்னக் கோபம்.

வண்டி

1960களின் நடுப்பகுதி வண்டி, 1098 சிசி எஞ்சின். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் காருக்குத் தனிச் சேசி கிடையாது, தகட்டு உடம்பே எலும்புக்கூடு. பிக்கப்பும் வானும் அப்படியல்ல. இரண்டுக்கும் அடியில் தனிச் சேசி ஓடும், அதன் மேல் கபினும் பின் தட்டும் போல்ற்றில் இருக்கும். இந்த வேறுபாட்டை மறந்து விட்டுச் சீற் பெல்ற் பூட்டினால் பிழையாகிப் போகும் என்பதால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

வண்டியின் சுமை அளவு 6 ஹன்ட்ரட்வெயிற், அதாவது ஏறத்தாழ 305 கிலோ. அன்று பின்னால் இருந்தது ஒன்பது மூடை வெங்காயம். மூடை 50 கிலோ. கணக்கை நீங்களே போடுங்கள்.

போர்க் காலத்துப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் தட்டுப்பட்ட நாட்களில் யாழ்ப்பாணத்து மொரிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை என் வயதுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. இந்த வண்டியிலும் அந்தக் காலத்தின் தடயம் கிடந்தது. பொனற்றுக்குள், பற்றரிக்கு ஒரு சாண் தள்ளி, கம்பியால் கட்டிய ஒரு சின்னப் பெற்றோல் தகரமும் அதிலிருந்து காபரேற்றருக்கு இறங்கும் வெடித்துப்போன றப்பர் குழாயும். இருபது, இருபத்தைந்து வருடமாக யாரும் தொடாமல் விட்ட சாமான். மோதலில் தகரம் நசிந்திருந்தது. அதிர்ஷ்டவசமாக உள்ளே ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டுப் பழைய வண்டியின் பொனற்றுக்குள்ளும் இப்படி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால், இதை வாசித்து முடிக்கும் முன்னரே போய்க் கழற்றி விடுங்கள்.

"நாற்பதிலைதான் வந்தனான்"

என்ன வேகம் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அது. பொலிசிலும் அதையே சொல்லியிருக்கிறார். பொய்யில்லை. முள் நாற்பதில்தான் நின்றிருக்கும். ஆனால் அந்தப் பழைய பிரித்தானிய மீற்றர் காட்டுவது மைல். மணிக்கு 40 மைல் என்றால் 64 கிலோமீற்றர். குடிமனைக்குள் 50 தான் எல்லை. நாற்பதாண்டு அதே வண்டியை ஓட்டியவருக்கு அது தெரியாமலில்லை. தெரியும், ஆனால் மனதில் "நாற்பது" என்ற எண்ணே நிதானமான வேகமாகப் பதிந்துவிட்டது. முந்தி அந்த வீதி குன்றும் குழியுமாக இருந்தபோது முள் இருபத்தைந்தைத் தாண்டியதே இல்லை என்று அவரே சொன்னார். காப்பெற் போட்ட பிறகு வீதி மாறியது, வண்டி மாறவில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய வாகனங்களின் ஆபத்து அவற்றின் வயதில் வந்ததாக நான் நினைக்கவில்லை. றோட்டு திருந்திய அன்று வந்தது.

மோதிய இடத்தைப் போய்ப் பார்த்தேன். ரயர் அடையாளம் இன்னும் அழியவில்லை. இடது சில்லின் கறுப்புக் கோடு 16 மீற்றர். வலது சில்லினுடையது கடைசி ஆறு மீற்றரில்தான் தொடங்குகிறது. கோடு இரண்டும் மெதுவாக இடப்பக்கம் வளைந்து, பெட்டி நின்ற இடத்தில் முடிந்தது. அவர் பெட்டியைக் கண்டு விலத்தத்தான் பார்த்திருக்கிறார். வண்டியோ பிறேக்கில் இடப்பக்கம் இழுத்து அவரை நேரே அதில் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

64 கிலோமீற்றரில் தொடங்கி, ஒரு பக்கம் மட்டும் ஒழுங்காகப் பிடித்த பிறேக்கோடு 16 மீற்றர் இழுபட்டால், மோதும்போது வேகம் குறைந்தது 35 கிலோமீற்றராவது இருந்திருக்கும். கணக்குக்கு வசதியாக 36 என்று வைத்தேன், அது வினாடிக்குச் சரியாக 10 மீற்றர். ஐந்து மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் நிலத்தைத் தொடும்போது வரும் வேகமும் அதுதான். மேல்மாடிக் கூரையில் நின்று முற்றத்துச் சீமெந்தில் குப்புற விழுவது என்று அவருக்குச் சொன்னேன். அப்போதுதான் முதல் தடவையாகப் பார் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

எது யாரைக் காயப்படுத்தியது

வண்டியைத் திருத்துவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. ஒவ்வொரு காயத்துக்கும் வண்டியில் ஒரு சோடி அடையாளம் இருக்கும்.

விலா எலும்புக்குச் சோடி ஸ்ரியறிங் வளையம். கீழ்ப்பாதி முன்னுக்கு வளைந்திருந்தது. ஸ்ரியறிங் தண்டு பின்னால் வந்து நெஞ்சில் குத்தியதா என்று நூல் பிடித்து அளந்தேன். அசையவில்லை. மைனரில் ஸ்ரியறிங் றாக் எஞ்சினுக்குப் பின்னால், தடுப்புச் சுவரோடு இருக்கிறது. மூக்கு நசிந்தாலும் அது உடனே தள்ளுப்படாது. ஆக, தண்டு இவரிடம் வரவில்லை, இவர்தான் அதனிடம் போயிருக்கிறார். மடங்கும் தண்டு ஒன்றை வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போடலாமே என்று கராச்சில் ஒருவர் சொன்னார். இந்த மோதலுக்கு அது மருந்தல்ல.

பெடியனின் நெற்றிக்குச் சோடி முன் கண்ணாடி. அவன் பக்கத்துக் கதவும் மோதலில் திறந்துகொண்டது. அவன் பாதி வெளியே தொங்கிய நிலையில் இருந்ததாகச் சனம் சொன்னது. அந்தக் காலத்துப் பூட்டுகள் கபின் கொஞ்சம் முறுகினாலே நழுவிவிடும்.

மூன்றாவது அடையாளத்தை யாரும் கவனிக்கவில்லை. கபினின் பின் சுவர் முன்பக்கம் புடைத்திருந்தது, வெங்காய மூடையின் உருவிலேயே. சாக்கின் நூல் இழை தகட்டுப் பெயின்றில் பதிந்திருந்ததைக் கைவிரலால் தடவிப் பார்க்கலாம். சீற்றின் முதுகு நான்கு விரற்கடை முன்னுக்குத் தள்ளுப்பட்டிருந்தது. ஸ்ரியறிங்குக்கும் மூடைக்கும் நடுவில் அந்த மனிதர் நசிபட்டிருக்கிறார்.

பார் ஏன் இல்லை

வண்டியின் மூக்கு 30 சென்ரிமீற்றர் நசிந்திருந்தது. பெட்டி 20 சென்ரிமீற்றர் முன்னுக்குத் தள்ளுப்பட்டது. மொத்தம் அரை மீற்றர் தூரத்தில் வண்டி நின்றிருக்கிறது. வினாடிக்கு 10 மீற்றரிலிருந்து அரை மீற்றரில் நிற்பதென்றால், வண்டியில் உள்ள ஒவ்வொன்றும் தன் நிறையைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கை உணரும். சேசியோடு ஒட்டிய மொத்தப் பைப் ஒன்று முன்னால் இருந்து, மூக்கு நசியாமல் நின்றிருந்தால், மிஞ்சுவது பெட்டி நகர்ந்த 20 சென்ரிமீற்றர்தான். பத்து மடங்கு இருபத்தைந்து மடங்காகும். வண்டி பிழைக்கும். மனிசன் பிழைப்பது சந்தேகம்.

நசியவேண்டிய இடம் நசிய, ஆள் இருக்கும் இடம் நசியாமல் இருக்கவேண்டும் என்பதை மெர்சிடிஸில் பேலா பரேனி 1950களிலேயே காரில் கொண்டுவந்துவிட்டார். மைனருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இருந்தாலும் போல்ற்றில் பூட்டிய மட்காட்டும் மெல்லிய மூக்குத் தகடும் தற்செயலாக அந்த வேலையில் கொஞ்சத்தைச் செய்கின்றன. அதையும் பைப் அடித்துக் கெடுப்பானேன்?

பழைய இரும்பு பலமானது என்ற நம்பிக்கை இங்கே மட்டும் உள்ளதல்ல. 2009 இல் அமெரிக்காவில் காப்புறுதி நிறுவனங்களின் பணத்தில் வாகனப் பாதுகாப்புச் சோதனை செய்யும் அமைப்பு ஒன்று, 1959 ஆம் ஆண்டு செவர்லே பெல் எயாரையும் 2009 ஆம் ஆண்டு செவர்லே மலிபுவையும் மணிக்கு 40 மைலில் முகத்துக்கு முகம் மோதவிட்டது. பெரிய, பாரமான பழைய காரின் கபின்தான் சுருண்டது. புதியதின் கபின் அப்படியே நின்றது. கராச்சில் போனில் அந்தக் காட்சியைக் காட்டினேன். அண்ணை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "அது அமெரிக்கன் தகடு, இது இங்கிலீசுத் தகடு" என்றார்.

பெல்ற்

மூக்கு நசிந்து வாங்கித் தந்த அந்த அரை மீற்றர், வண்டியோடு கட்டப்பட்டவனுக்கு மட்டுந்தான் கிடைக்கும். கட்டப்படாதவன் வண்டி நின்ற பிறகும் போய்க்கொண்டேயிருப்பான். 70 கிலோ ஆள், வினாடிக்கு 10 மீற்றர். அரை மீற்றரில் நிறுத்தினால் உடம்பில் சராசரி 700 கிலோ விசை, அது இடுப்பெலும்பிலும் தோளிலும் பரவும். ஸ்ரியறிங் வளையத்தில் ஐந்து சென்ரிமீற்றரில் நிறுத்தினால் 7 தொன். அண்ணை பிறேக்கை மிதித்தபடி வளையத்தை இறுகப் பிடித்திருந்ததும், வளையமே வளைந்து கொடுத்ததும்தான் அந்த ஏழு தொன்னைக் குறைத்திருக்கவேண்டும்.

வொல்வோவில் நில்ஸ் பொலின் மூன்று புள்ளிப் பெல்ற்றைக் கொண்டுவந்தது 1959 இல். இலங்கையில் முன் சீற்றுக்குப் பெல்ற் கட்டாயமானது 2011 இல். இந்த வண்டி பிறந்தது இரண்டுக்கும் நடுவில். உடம்பில் பெல்ற்றுக்கான துளை ஒன்றுகூட இல்லை.

முதல் முயற்சி பிழையாய்ப் போனது. அதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் ஊரில் பூட்டியிருக்கும் பெல்ற்றுகளில் பாதி அப்படித்தான் பூட்டப்பட்டிருக்கும் என்று பயப்படுகிறேன். கபின் தரைத் தகட்டில் துளை போட்டு, அடியில் பெரிய வாசர் வைத்து, போல்ற்றை இறுக்கினோம். பார்க்க நன்றாக இருந்தது. வெங்காய மொத்த வியாபாரி ஒருவரிடம் 500 கிலோ தொங்கு தராசை இரவல் வாங்கி, செயின் புளொக்கைக் கூரைத் தீராந்தியில் மாட்டி, பெல்ற் இழுக்கும் திசையிலேயே போல்ற்றை இழுத்தோம். 120 இல் ஒன்றுமில்லை. 180 இல் தகடு முனகியது. 210 இல் வாசரைச் சுற்றித் தரை மேலெழும்பி, கவிழ்த்து வைத்த அப்பச்சட்டி மாதிரி நின்றது. இன்னொரு நாற்பது கிலோவுக்கு வாசரோடு பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். பெல்ற் பொருத்தும் இடங்களுக்கான ஐக்கிய நாடுகளின் 14 ஆம் ஒழுங்குவிதி, தோள் பகுதியிலும் இடுப்புப் பகுதியிலும் தனித்தனியே 13.5 கிலோ நியூற்றன், அதாவது ஏறத்தாழ 1,375 கிலோ விசையை ஒரே நேரத்தில் இழுத்துச் சோதிக்கச் சொல்கிறது. நாங்கள் நின்றது 210 இல்.

கம்பளத்தைக் கிழித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. தரையில் பாதி தகடு, பாதி துருவும் அதை மூடிய பற்றும் பெயின்றும். துரு இருந்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டினோம். பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் 3 மில்லிமீற்றர் தடிப்பில், 8 சென்ரிமீற்றர் சதுரத்தில், மூலைகளை உருட்டிய இரும்புத் தட்டு. தட்டு போல்ற் இழுபடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கவேண்டும், அப்போதுதான் தகட்டை அணைத்துப் பிடிக்கும். மேல் புள்ளியைக் கதவுக்குப் பின்னுள்ள தூணில், தோளுக்குக் கொஞ்சம் மேலே வைத்தோம். தோளுக்குக் கீழே வைத்தால் மோதலில் பெல்ற் முள்ளந்தண்டைக் கீழ்நோக்கி அமுக்கும். போல்ற் 7/16 அங்குலம் யூஎன்எஃப், உயர் இழுவை. பெல்ற்றுக்கான வழக்கமான புரி அதுதான், பழைய பிரித்தானிய வண்டிக்காரருக்குப் புதிதுமல்ல.

ஒரு சின்னச் சண்டையும் நடந்தது. கீழ்ப் புள்ளிகளைச் சேசியிலேயே பூட்டினால் இன்னும் பலமாக இருக்குமே என்று வெல்டிங் வேலை செய்பவர் நின்றார். தனிச் சேசி வண்டியில் அது பொறி. மோதலில் கபின் சேசிமேல் இரண்டு விரற்கடை வழுக்கினாலும், மேலே கபினிலும் கீழே சேசியிலும் கட்டிய பெல்ற் ஆளை இறுக்கும், அல்லது தளர்ந்துபோகும். மூன்று புள்ளியும் சீற்றும் ஒரே உடம்பில் இருக்கட்டும், அந்த உடம்பைச் சேசியோடு பிடிக்கும் போல்ற்றுகளைப் பார்ப்போம் என்றேன். பார்த்தோம். ஒன்று கையாலேயே சுழன்றது.

இரண்டாம் தடவை தராசு 500 வரை போய் நின்றது. தகடு அசையவில்லை. இது சான்றிதழ் அல்ல, எங்கள் தராசின் எல்லை அவ்வளவுதான். பெல்ற்றைப் பொறுத்தவரை, நொருங்கின வண்டியிலிருந்து கழற்றியது வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தேன். ஒரு மோதலைத் தாங்கிய பட்டி இழுபட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கொழும்பில் பஞ்சிகாவத்தையிலிருந்து புதுச் சோடி வந்தது. சுருளும் பெட்டியைச் சரிவாகப் பூட்டினால் பட்டி வெளியே வராது, அல்லது பூட்டவேண்டிய நேரத்தில் பூட்டாது. தூக்குக்குண்டு பிடித்து நேராக வைத்தோம்.

மூடைகள்

பத்து மடங்கு விசையில் ஒரு 50 கிலோ மூடை அரைத்தொன். ஒன்பது மூடை நாலரைத் தொன். ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத கபின் சுவர் அதைத் தாங்காது. பெல்ற் மட்டும் கட்டி இதை விட்டிருந்தால், ஆளைக் கட்டிப்போட்டுப் பின்னாலிருந்து இடித்த கதையாகியிருக்கும்.

கபினைத் தொடாமல், சேசியிலிருந்து எழும்பும் ஒரு இரும்புச் சட்டமும் அதில் வலையும் அடித்தோம். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் நான்கு விரற்கடை. மூடைகளை முதலிலேயே சட்டத்தோடு ஒட்டி அடுக்கவேண்டும், இடைவெளி விட்டால் அவை ஓடிவந்து இடிக்கும். தட்டின் இருபக்கமும் கயிறு கட்டக் கொளுக்கிகள். அண்ணையின் வாழைக்குலை முடிச்சு எனக்குத் தெரிந்த எந்தப் பட்டியைவிடவும் நன்றாக இறுகும், ஆகவே அதில் தலையிடவில்லை. ஆறு மூடைக்கு மேல் வேண்டாம் என்றதற்கு, "அப்ப ரண்டு நடை போகவேணும்" என்றார். ஓம் என்றேன். மூடைக்கு மேல் ஆட்களை ஏற்றுவது பற்றியும் பேசினோம். பெல்ற் இரண்டு, ஆகவே ஆள் இரண்டு.

நிறுத்துவது

வலது முன் சில்லின் பிறேக் சிலிண்டர்களில் ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் பிளேன்ரீ நிறம். மைனரில் மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுபவரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. எண்ணெய் பார்க்கக் கம்பளத்தைத் தூக்கி மூடியைக் கழற்றவேண்டும். அதனால்தான் ஒருவரும் பார்ப்பதில்லை. சிலிண்டர் எல்லாம் மாற்றி, குழாய் முழுதும் புதுப்பித்து, நான்கு ட்றம்மையும் கடைந்து எடுத்தோம். இப்போது நேராக நிற்கிறது. டிஸ்க் பிறேக் போடச் சொல்லிப் பலர் சொன்னார்கள். ஒழுங்காகப் பராமரித்த ட்றம் 50 கிலோமீற்றருக்கு இந்த நிறைக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம்.

முன் சில்லை உயர்த்தி மேலும் கீழும் ஆட்டியபோது சில்லைத் தாங்கித் திரும்பவிடும் கீழ்ப் புரி மூட்டு கடகடத்தது. மைனர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வியாதி தெரியும். புரிக்குள் கிறீஸ் போகாமல் தேய்ந்தால் ஒருநாள் மூட்டு கழன்று சில்லு சப்பாணி கொட்டிவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் நடக்கும். காப்பெற் றோட்டில் ஓடும்போது நடக்காது என்று யாரும் எழுதித் தரவில்லை. இரண்டு பக்கமும் மாற்றினோம்.

வெளிச்சம் சின்ன வேலை. வண்டி பொசிற்றிவ் ஏர்த், அதாவது பற்றரியின் நேர்முனைதான் உடம்போடு கட்டியிருக்கும். சந்தையில் வாங்கிய எல்ஈடி பல்ப் முதலில் எரியவில்லை, கம்பியை மாற்றிக் கொடுத்ததும் எரிந்தது. பின்னால் சிவப்பு ஒளிதெறிப்புப் பட்டி. அதே பட்டியில் ஒரு துண்டை, மோதப்பட்ட பெட்டியின் சொந்தக்காரருக்கும் கொடுத்தோம். அந்தப் பெட்டியின் தட்டு விளிம்பு மைனரின் பொனற் உயரத்தில் இருந்தது. இன்னும் பத்து கிலோமீற்றர் வேகமென்றால் அது முன் கண்ணாடிக்கே வந்திருக்கும். பெட்டிக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் குறுக்கே ஒரு இரும்பு அடிக்கச் சொன்னேன். பைப் பாருக்குச் சரியான இடம் அதுதான். அண்ணை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மிச்சம்

முன் கண்ணாடி மாற்றவில்லை. வளைந்த கண்ணாடியை இங்கே, உடைந்தாலும் சிதறாத அடுக்குக் கண்ணாடியில் வெட்ட முடியாது, வெளியிலிருந்துதான் வரவேணும். பின் கண்ணாடி தட்டையானது, அதை அடுக்குக் கண்ணாடியில் வெட்டிப் போட்டாயிற்று. தலைதாங்கி இன்னும் இல்லை. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும்படி பிறேக்கை இரண்டு சுற்றாகப் பிரிக்கும் வேலைக்குத் தரையை மறுபடி திறக்கவேண்டும், அதை அறுவடைக்குப் பிறகு வைத்திருக்கிறோம். இடதுபக்கக் கதவுப் பூட்டு இப்போதைக்குப் பழையதுதான், கொளுவும் தட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி இறுக்கியிருக்கிறது.

வண்டியைக் கொடுத்த அன்று மீற்றர்க் கண்ணாடியில் முப்பதுக்கு நேரே சிவப்புப் பெயின்றில் ஒரு கோடு கீறினேன். 30 மைல், 48 கிலோமீற்றர். அண்ணை பெல்ற்றைப் போட்டார், பெடியன் அவரைப் பார்த்துப் போட்டான். எஞ்சினை ஸ்ராட் பண்ணிவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"அப்ப தம்பி, சின்னதா ஒரு பாரும் அடிக்கேலாதோ?"